அம்பு ஒட்டுகிற அக்கா

என் வீட்டுக் கூடத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்போ தவறினாங்க?" என்று கேட்பார்கள். கேபிள்காரர் ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். படத்தில் இருப்பவள் உயிரோடுதான் இருக்கிறாள், நசரத்பேட்டைப் பக்கம். அதைச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் கும்பிட்டு முடித்துவிட்டார். முடித்த பிறகு எப்படிச் சொல்வது?

ஓவியம் பார்க்கத் தெரிந்தவர்கள் வந்தால் வேறு மாதிரி. தள்ளி நின்று, கிட்டே வந்து, மறுபடி தள்ளி நின்று, "அந்தக் கண்ணப் பாருங்க. எவ்வளவு சோகம்! ஒரு பொம்பளையோட வாழ்க்கையே அதுல இருக்கு" என்பார்கள். அவர்களுக்கும் நான் ஒன்றும் சொல்வதில்லை. காப்பி கொடுப்பேன்.

அவள் என் சொந்தக்காரி இல்லை. அண்ணனூரில் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில், சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதனால் அக்கா. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவள் இந்தத் தாளில் இருபது இடத்தில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவாள்.

அம்பு என்றால் வில் அம்பு இல்லை. தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் போடுகிறவருக்குச் செக்கர் என்று பெயர். தையல் எங்கே விட்டிருக்கிறது, எங்கே கோணல், எங்கே எண்ணெய்க் கறை என்று டெய்லருக்குக் காட்ட, சிவப்பு நிறத்தில் நகத்தளவு அம்பு ஸ்டிக்கர்களைச் சுருளாகக் கொடுப்பார்கள். அக்கா செக்கர். அவள் பாஸ் பண்ணிய சட்டையை மடித்துக் கவரில் போடுவது நான்.

மற்ற செக்கர்கள் சுருளை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். எங்கள் காம்பவுண்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. கொடுத்தவர் படி இறங்குவதற்குள் அக்கா அதில் ஓர் அம்பை ஒட்டி, "அண்ணே, ஞாயித்துக்கெழமன்னு போட்டுக்கீற. அந்தத் தேதி திங்கக்கெழம வருது" என்றாள். அவர் அதற்குள் ஊர் முழுக்கக் கொடுத்து முடித்திருந்தார். நன்றி சொல்ல வேண்டியவர், கல்யாணம் முடிந்து ஆறு மாதம் வரை எங்கள் பக்கமே திரும்பவில்லை.

ரயிலில் இன்னும் மோசம். முன்னால் நிற்கிற பெண்ணின் ஜாக்கெட் முதுகில் தையல் விட்டிருந்தால் போதும்.

"இந்தாம்மா, உன் டெய்லருக்கு இன்னா, கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?"

"உனக்கு இன்னாம்மா வந்துச்சு? உன் வேலையப் பாரு."

"என் வேலையே அதான்."

சண்டை திருமுல்லைவாயலில் தொடங்கும். அம்பத்தூரில் உச்சத்துக்குப் போகும். பட்டரவாக்கத்தில் நாங்கள் இறங்கும்போது அந்தப் பெண் அக்காவிடமே ஊக்கு வாங்கிக் குத்திக்கொண்டிருப்பாள். நான் இதெல்லாம் முடிகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆவடியில் நாங்கள் போகிற சேலைக்கடைக்காரர், அக்கா தெருமுனையில் திரும்பும்போதே, "யக்கா, இன்னிக்கு கடை லீவு" என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்வார். கடைக்குள் பத்துப் பேர் சேலை பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏங்க்கா எல்லார்கிட்டயும் சொல்ற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு குடுத்த சாமி சும்மாவா குடுத்துச்சு? பாக்கத்தான குடுத்துச்சு. பாத்துட்டு சொல்லாம வுட்டா, அதுக்கு கண்ணு எதுக்கு, கோலிகுண்டு போதாதா?"

இப்படிப்பட்டவள் வீட்டில் அம்பு ஒட்டாத இடம் ஒன்று இருந்தது. அவள் வீட்டுக்காரர் வரைகிற படங்கள். அவர் ஓவியர். ஓவியக் கல்லூரியில் படித்தவர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, அது தன் கையைக் கெடுக்கிறது என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர் ஆள் உயரத் துணியில் நீலமாக ஒரு வட்டம் போடுவார். பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டம் வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பதில் மழைக்காலம் போய்விடும். ஊர்க் கோணலை எல்லாம் பார்க்கிற அக்கா அந்த வட்டங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. புருஷன் மேல் அவ்வளவு ஆசை என்று காம்பவுண்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டபோது சிரித்தாள்.

"ஆசையும் இல்ல, தோசையும் இல்ல. சாம்பிள் சட்டைய பக்கத்துல வெச்சாத்தான பீஸ செக் பண்ண முடியும்? இதுக்கு சாம்பிளே கிடையாதுடி. எத வெச்சி தப்புன்றது?"

அவருக்கு ஒரு நண்பர். அவரும் ஓவியர், வயதில் சின்னவர், பெரிய பெரிய கண்காட்சிகளில் படம் வைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். இரண்டு பேரும் நீல வட்டத்தின் முன்னால் உட்கார்ந்து பேசாமல் டீ குடிப்பார்கள். ஒரு ஞாயிறு அவர் வட்டத்தை விட்டுவிட்டு, டீ கொண்டுவந்த அக்காவைப் பார்த்து, "அண்ணி, உங்க முகத்த ஒரு எச்சிங் பண்ணணும்" என்றார்.

அது என்ன என்று அவரே விளக்கினார். தகட்டில் கறுப்பு மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைவது. பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மை தடவி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம்.

"என் மூஞ்ச ஆசிட்ல போடறதுக்கு நானே டீ வேற போட்டுக் குடுக்கணுமா தம்பி?" என்றாள் அக்கா.

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். அந்நிய ஆண் ஒருவர் மணிக்கணக்கில் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஒரு பொம்பளை இருக்கட்டும் என்று என்னை வந்து உட்காரச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் இருந்தார். ஆனால் அவர் மூன்றாவது வட்டத்தில் இருந்தார்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கு ஏழு மாதம் முன்பே அக்கா பாஸ் பண்ணி அனுப்புகிற சட்டைகளில் குறை வர ஆரம்பித்திருந்தது. எல்லாம் ஒரே இடத்தில்தான், வலது கைப்பட்டியில். பொத்தான் ஓட்டை தாறுமாறாக இருக்கும், தையல் விட்டிருக்கும். இடது கைப்பட்டியில் தலைமுடி அளவு கோணல் என்றாலும் பிடித்துவிடுவாள். மேசையில் குப்புற விரித்தால் வலப்பக்கம் விழுகிற ஓரம் மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார். அவளிடம் சொல்லலாம். ஊருக்கெல்லாம் தப்புக் காட்டுகிறவளிடம் போய், உனக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போது அவள் சுருளிலிருந்தே கொஞ்சம் அம்புகளைக் கிழித்து என் மேசைக்குக் கீழே ஒட்டி வைத்துக்கொண்டேன். அவள் விட்டதை நான் பிடித்து, அம்பு ஒட்டி, டெய்லருக்குப் போகிற கூடையில் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவேன்.

இதில் கூத்து என்னவென்றால், அக்கா கெட்ட சட்டை என்று தள்ளுவது குறைந்துபோனதில் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். வயசானதும் அம்மாவுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்றார். அந்த ஆயுத பூஜைக்குச் சிறந்த செக்கர் என்று கைதட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாலு மணி புள்ளி கோணலா கீது" என்றாள். கடிகாரத்தில் அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் அன்றிரவு முழுக்க யோசித்தேன். ஒருவேளை சரியாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். மறுநாள் குறையோடு இரண்டு வலது கைப்பட்டி வந்தது.

படம் வரைந்த ஞாயிறு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓவிய நண்பர் எதிரில். "என்னையே பாருங்க அண்ணி" என்றார். அக்கா பார்த்தாள். அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். பை ஒரு பக்கம் இறங்கித் தைத்திருந்தது. வரைகிறபோது பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளால் வாய் திறக்க முடியவில்லை. கைப்பை உள்ளே இருந்தது. ஒன்றரை மணி நேரம். தப்பு கண்ணெதிரில் இருக்க, சொல்லவும் முடியாமல் ஒட்டவும் முடியாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் முகம் எப்படி இருக்கும்? அதைத்தான் இப்போது வாழ்க்கையின் சோகம் என்கிறார்கள். ஓவியர் ஊசியைக் கீழே வைத்த மறு நொடி, "தம்பி, அந்தப் பாக்கெட்ட பிரிச்சித் தை" என்று சொல்லி மூச்சு விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அச்செடுத்துக் கொண்டுவந்தார். அக்கா அதைக் கட்டிலில் விரித்தாள். கம்பெனி அடையாள அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் அவள் போட்டோ இருந்தது. இந்த ஒரு படத்துக்குத்தான் அவளிடம் சாம்பிள் இருந்தது.

மூன்று அம்பு ஒட்டினாள்.

"மூக்குத்தி எனக்கு வலது பக்கம். நீ இடது பக்கம் போட்டுக்கீற. முந்தானய வலது தோள்ல போட்டுக்கீற, சேட்டு ஊட்டு அம்மா மாதிரி. அப்புறம் இந்தக் கண்ணு. ஒண்ணு நல்லாக்கீது, ஒண்ணு கலங்கின குட்டை மாதிரி கீது. ரெண்டும் ஒரே அளவா வராதா உனக்கு?"

அவள் வீட்டுக்காரர் பதறினார். "இந்தாமே, அது ஒரு கலைப்படைப்புமே! ஒட்டுறியே!"

"நீ சும்மா இரு. உன்னுத நான் தொட்டனா?"

ஓவியர் கோபப்படவில்லை. தகட்டில் நேராக வரைந்ததைக் காகிதத்தில் அழுத்தும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும், அது எச்சிங்கின் இயல்பு என்றார். அக்கா அதைக் கேட்டாள். தன் உள்ளங்கையை இன்னோர் உள்ளங்கை மேல் அழுத்திப் பார்த்தாள். நியாயம் என்று பட்டால் ஒப்புக்கொள்கிறவள் அவள். மூக்குத்தியிலும் முந்தானையிலும் இருந்த அம்புகளை உரித்தாள். "பாஸ். கண்ணுக்கு இன்னா சொல்ற?"

"நான் பார்த்தத வரைஞ்சேன் அண்ணி. அந்தக் கண்ணு அப்படித்தான் இருந்துச்சு."

"படத்துல இடது கண்ணுதான?" என்று அக்கா தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். இடது கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னிக்குக் கட்டம் போட்ட சட்ட. மூணாவது பட்டன் நூலு தொங்குது. என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. உன் கைதான் தப்பு."

ஓவியர் சிரித்து, சரி என்பதுபோலத் தலையாட்டினார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அக்கா, மூக்குத்திப் பக்கத்துக் கண்ணுக்கா" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த வீட்டில் பேசி அவர்கள் கேட்டதில்லை. படத்தில் கலங்கிய கண் மூக்குத்தி இருக்கிற பக்கம். மூக்குத்தி பக்கம் மாறி வந்திருக்கிறது என்றால் கண்ணும் மாறித்தானே வந்திருக்கும்? அக்கா இடது கண்ணைப் பொத்தினாள். ஓவியரைப் பார்த்தாள். கழுத்தை நீட்டி மறுபடி பார்த்தாள்.

"கட்டம் எங்கடி போச்சு?" என்றாள்.

கையை எடுத்தாள், மறுபடி பொத்தினாள், எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும்."

"ம்."

"எத்தினி நாளா?"

"எட்டு மாசமாக்கா. வலது கைப்பட்டி மட்டும்."

"எல்லாத்தையும் புடிச்சியா? ஒண்ணும் வுடலியே?"

"வுடலக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். "வாயத் தொறந்தா முத்து உதிந்துடுமாடி உனக்கு?" என்றாள். குனிந்து, படத்தில் மிச்சமிருந்த அம்பைக் காகிதம் கிழியாமல் நகத்தால் உரித்தாள். அதைத் தன் வலது கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஓவியரைப் பார்த்தாள்.

"பீஸு சரிதான் தம்பி. சாம்பிள்தான் டேமேஜ்."

மறுநாள் காலை, சிறந்த செக்கருக்கு என்று கொடுத்த அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்து என் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை என்று சொல்லி ஆபரேஷன் பண்ணினார்கள். நல்லபடியாக முடிந்தது. லீவில் இருக்கும்போது அந்த ஓவியரின் கண்காட்சி வந்தது. அக்கா கறுப்புக் கண்ணாடியோடு போனாள், நானும் போனேன். படத்துக்குக் கீழே 'நண்பனின் மனைவி' என்று எழுதியிருந்தது. "ஏன் தம்பி, எனக்குப் பேரு வைக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டு அந்தச் சீட்டில் ஓர் அம்பு ஒட்டினாள். தாடி வைத்த ஒருவர் படத்தின் முன் நெடுநேரம் நின்று, "இந்தக் கண்ணில் இருக்கிற துயரம்..." என்று ஆரம்பித்தார்.

"அது துயரம் இல்ல சார். பொரை. எடுத்தாச்சு."

அவர் இதைப் பெரிய ஹாஸ்யமாக எடுத்துக்கொண்டு மற்றவர்களிடம் போய்ச் சொல்லிச் சிரித்தார். ஓவியர் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய நாள்தான் அவள் அந்தக் கம்பெனிக்கு வந்த கடைசி நாளும். வெளிநாட்டுக்குச் சரக்கு போக இரண்டு நாள்தான் இருந்தது. அக்கா மேசையில் நின்றாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரு முழுச் சுருள் தீர்ந்தது. டெய்லர்கள் முணுமுணுத்தார்கள். கூடை நிரம்பி வழிந்தது. மேனேஜர் வந்து கூடையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கண்ண நோண்டி அனுப்பிட்டாங்களா? ஆபரேஷனுக்கு முந்தி எவ்ளோ நல்லா வேல பாத்துகினு இருந்த!"

"அப்போ கண்ணு தெரியல சார்."

"அப்போதாம்மா தெரிஞ்சுது."

சாப்பாட்டுக்குப் பிறகு அவளை மடிப்பு மேசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்ணுக்கு ஓய்வாம். செக்கர் மேசையில் அவரே நின்றார். சட்டையை விரிக்காமலே பாஸ் பண்ணித் தள்ளினார். மேசைக்குக் கீழே நான் ஒட்டி வைத்திருந்த அம்புகளை அக்காவுக்குக் காட்டினேன். கெட்டதையெல்லாம் சத்தமில்லாமல் கூடையில் சேர்த்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கண்ணால் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. அவள் கைக்கு வந்த சட்டையில் வலது கைப்பட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இது யாரு பாஸ் பண்ணது?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார்.

"யாரு? காலைல இங்க நின்னது நீதானம்மா? நீயே பாஸ் பண்ணிட்டு நீயே கத்துற. கண்ணு இன்னும் சரியாவல உனக்கு. கண்ணு தெரியாதவள வெச்சிகினு நான் கம்பெனி நடத்த முடியாது."

அக்கா பதறவில்லை. காலையில் அவள் பாஸ் பண்ணிய எல்லாவற்றையும் நான் சாப்பாட்டுக்கு முன்பே மடித்து முடித்திருந்தேன். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். தைரியமாகத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. இது நான் பாஸ் பண்ணதா?"

ஹாலே என்னைப் பார்த்தது. மேனேஜரும் பார்த்தார். அக்காவின் இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன.

என் கை மட்டும் பழக்கத்தில் நகர்ந்தது. அடுத்த சட்டையை எடுத்தேன். அதன் கைகளைப் பின்னால் மடக்கி, கழுத்துப்பட்டையைத் தடவிவிட்டு, கவரில் போட்டேன். அது நல்ல சட்டை. அதில் ஒரு குறையும் இல்லை.